வேன் டிவிக்கு நாலு ஸ்க்ரூ போதுமா?

ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு வேளாங்கண்ணி வரும் சுற்றுலா வேன்களில், டிரைவருக்குப் பின்னால் மெல்லிய பிளைவுட் தடுப்பில் டிவி மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீங்க. நேர் எதிர் சீட்டில் யாரோட பாட்டியோ உட்கார்ந்திருப்பாங்க.

டிவி 5 கிலோதான். ஆனா அதைத் தாங்கும் கை 40 செ.மீ. வெளியே நீண்டால் திருப்புத்திறன் 200 கிலோ-செ.மீ. மேல், கீழ் ஸ்க்ரூவுக்கு இடைவெளி 10 செ.மீ. என்றால், மேல் ஸ்க்ரூக்களைப் பிடுங்கும் இழுப்பு 20 கிலோ! வேகத்தடையில் குலுங்கினால் இன்னும் கூடும். 6 மி.மீ. பிளைவுட்டில் மரை எதைப் பிடிக்கும்?

கையே வேண்டாம். சுவரோடு ஒட்டிய, 5 செ.மீ. மட்டும் தள்ளி நிற்கும் பிராக்கெட் போடுங்க, இழுப்பு 2.5 கிலோவாகிடும். தடுப்புக்குப் பின்னால் 12 மி.மீ. பலகையை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு இணைச்சு, போல்ட்டை இரண்டையும் ஊடுருவ விட்டு, அகலமான வாஷரும் நைலாக் நட்டும் போட்டு முறுக்குங்க. சாதா நட்டு என்றால் அதிர்வில் திருச்சி போறதுக்குள்ளேயே தளர ஆரம்பிச்சிடும்.