இருட்டுமுன் போய்ச் சேருங்கள்

எங்கள் மாந்தோப்பு கிருஷ்ணன்கோவிலிலிருந்து வத்திராயிருப்பு போகிற சாலையில், மலையைப் பார்த்து உள்ளே தள்ளி இருக்கிறது. சப்பட்டையும் பஞ்சவர்ணமும் பழுக்கிற மாதங்களில் யானை இறங்கும். தகரத்தைத் தட்டுவோம், வெடி போடுவோம், விடிந்ததும் முறிந்த கொப்புகளை எண்ணுவோம். நாற்பத்தாறு வயது வரைக்கும் எனக்கும் காட்டுக்கும் இருந்த பழக்கம் அவ்வளவுதான்.

ஒரு நாள் முறிந்த கொப்பைத் தூக்கிக்கொண்டிருந்தபோது மகள் கேட்டாள், "நம்ம தோப்புக்கு வராத ராத்திரியில யானை எங்கப்பா இருக்கும்?" அவளுக்குப் பத்து வயது. என்னிடம் பதில் இல்லை.

எங்கள் மலையில் அதைப் போய்ப் பார்க்க முடியாது. 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு இது. 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமானது. தமிழ்நாட்டில் ஐந்தாவது, நாட்டில் 51ஆவது. செண்பகத்தோப்புக்கோ தாணிப்பாறைக்கோ போனால் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும். அது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். எல்லாக் காட்டிலும் மனிதன் ராத்தங்க வேண்டியதில்லை. தங்குவதற்கென்று வனத்துறையே இடம் வைத்திருக்கிற காடுகள் வேறு இருக்கின்றன. நாங்கள் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் உள்ள டாப்ஸ்லிப்பைத் தேர்ந்தெடுத்தோம்.

முதல் முறை போய்விட்டுத் திரும்பி வந்தோம். மார்ச் மாதம். கடும் கோடையில் காட்டுத்தீ அபாயம் கூடினால் சுற்றுலாவை நிறுத்திவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. புலிகள் கணக்கெடுப்பு நாட்களிலும் அப்படித்தான். அதனால், இணையத்தில் அறை பதிவு செய்தாலும் கிளம்புவதற்கு முந்தின நாள் பொள்ளாச்சியில் உள்ள காப்பக அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள். காடு திறந்திருக்கிறதா, சாப்பாடு அங்கேயே கிடைக்குமா, இறங்குகிற இடத்திலிருந்து அறைக்கு நடந்து போகலாமா வண்டியில்தான் போக வேண்டுமா என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள். மூன்றாவது கேள்வி வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்களுக்கு முக்கியம். எங்கள் அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. "நானும் வர்றேன்" என்று முதல் ஆளாகப் பையை எடுத்து வைத்தது அவள்தான்.

இரண்டாவது முறை மே மாதக் கடைசியில் போனோம். அதிகாலை ஐந்து மணிக்குக் கிருஷ்ணன்கோவிலில் கிளம்பி, டி.கல்லுப்பட்டி, உசிலம்பட்டி, வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், பழனி வழியாகப் பொள்ளாச்சி. அங்கே மதியச் சாப்பாடு. அதற்கு மேல் சுமார் 35 கிலோமீட்டர்தான், ஆனால் அந்தத் தூரத்துக்கு நிறைய நேரம் ஒதுக்குங்கள். சேத்துமடை சோதனைச்சாவடியில் வண்டியைப் பார்ப்பார்கள். பிளாஸ்டிக் பை, மது எதுவும் உள்ளே போகாது. தண்ணீரை எவர்சில்வர் கேனில் கொண்டுபோனது நல்லதாயிற்று. சாவடியை மாலையில் மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு வந்து கெஞ்சுகிற குடும்பங்களை நான் பார்த்தேன். கெஞ்சிப் பயனில்லை, கெஞ்சவும் கூடாது. மலைப்பாதை இருட்டில் யாருடைய பாதை என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்கு நன்றாகவே தெரியும்.

சாவடிக்கு முன்னாலேயே நான் ஒரு காரியம் செய்தேன். என் மனைவி வழியில் சாப்பிட என்று ஒரு பை பஞ்சவர்ணம் எடுத்து வைத்திருந்தாள். வண்டி முழுக்க வாசம். பழுத்த மாம்பழ வாசத்துக்கு யானை எவ்வளவு தூரத்திலிருந்து வரும் என்பதை வருஷாவருஷம் பார்க்கிறவர்கள் நாங்கள். ஒரு டீக்கடையில் அத்தனையையும் கொடுத்துவிட்டோம். மாம்பழம், பலாப்பழம், வாழைப்பழம் எதையும் காட்டு விடுதிக்கு எடுத்துப் போகாதீர்கள். காரிலும் வைக்காதீர்கள்.

மற்றபடி என்ன வேண்டும்? மங்கின நிறத்தில் துணிமணி. மூடின செருப்பு அல்லது ஷூ. ஆளுக்கொரு சின்ன டார்ச். பணமாகக் கொஞ்சம், ஏனென்றால் போன் சிக்னலை நம்ப முடியாது. மழை தொடங்கிவிட்டால் அட்டைக்கடிக்கு முழங்கால் வரை இழுத்துக் கட்டுகிற துணி உறை, ஒரு பொட்டலம் உப்பு. சென்டு, பாட்டுப் பெட்டி வேண்டாம்.

மருந்து விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அறைக்குப் போன அரை மணி நேரத்தில் அம்மா ஜன்னல் திண்டில் தன் சுருக்குப்பையை வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். ஜன்னல் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. திரும்பி வரும்போது பை எதிரே மரத்தின் மேல் ஒரு குரங்கின் கையில் இருந்தது. உள்ளே வெற்றிலை பாக்கு, நாற்பது ரூபாய், ரத்தக்கொதிப்பு மாத்திரை பத்து நாளைக்கு உரியது. குரங்கு ஒவ்வொன்றாக முகர்ந்து கீழே போட்டது. மாத்திரை அட்டையை மட்டும் கடித்துக் கிழித்தது. மருந்துக்கடை மலைக்குக் கீழே. சாவடி மூடுகிற நேரம். அன்றைய ராத்திரி மாத்திரை இல்லாமல் அம்மா படுத்தாள். நான் அவள் மூச்சையே கேட்டுக்கொண்டு கிடந்தேன். காலையில் முதல் ஆளாகக் கீழே இறங்கி வாங்கி வந்தேன். மாத்திரையை இரண்டு பங்காகப் பிரித்து இரண்டு பைகளில் வையுங்கள். ஜன்னலை ஒரு விரல்கடைகூடத் திறந்து வைக்காதீர்கள். குரங்கைப் பழக்கியது நம்மைப் போல முன்னால் வந்தவர்கள்தான். பிஸ்கட் போடுகிற கையைப் பார்த்துப் பார்த்து அது கற்றிருக்கிறது. அதற்குத் தின்பண்டம் எதையும் போடாதீர்கள் என்று குழந்தைகளிடம் ஊரிலேயே சொல்லி அழைத்து வாருங்கள்.

சாயங்காலம் வெளியே புல்வெளியில் காட்டுப்பன்றிகள் கூட்டமாக மேய்ந்தன. கொஞ்ச தூரத்தில் புள்ளிமான்கள். வந்தவர்களில் பாதிப் பேர் அவற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "யானை எப்ப வரும், புலி எங்க இருக்கும்" என்று அலைந்தார்கள். மறுநாள் காலை வனத்துறை வேனில் ஒரு சுற்றுப் போனோம். ஒரு காட்டெருமையின் முதுகு, இரண்டு மயில், மரத்தில் கருமந்தி. வேனுக்குள் இருந்தவர்கள் போட்ட சத்தத்துக்கு அதுவே அதிகம். காசு கொடுத்தால் மிருகம் வரும் என்ற எண்ணத்தோடு போகிறவர்களுக்கு டாப்ஸ்லிப் ஏமாற்றம்தான் தரும். தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு அசையாமல் உட்கார்ந்திருந்த என் அம்மா, வேனில் போன எங்களைவிட அதிகம் பார்த்தாள். ஒரு இருவாச்சி இறக்கையடித்துப் போனதை அவள் முதலில் ரயில் சத்தம் என்று நினைத்திருக்கிறாள்.

எங்களுக்குத் துணையாக இருந்த வனக்காவலர் மலசர் சமூகத்துக்காரர். அவரை நான் 'அண்ணே' என்றேன். அவர் பேசியது குறைவு. ராத்திரி எட்டு மணிக்கு வந்து, "லைட்டை அணைச்சுட்டு உக்காருங்க. கதவைத் திறக்காதீங்க. சத்தம் கேட்டாலும் டார்ச் அடிக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அணைத்தோம். கண் பழகப் பத்து நிமிஷம் ஆயிற்று. முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு தூரத்தில் ஒரு கனைப்பு, வண்டி ஹாரனைச் சுருக்கமாக அடித்தது மாதிரி. "மிளா" என்றாள் அம்மா. ஆனைமலைப் பக்கம் அதைக் கடமான் என்கிறார்கள், எங்கள் பக்கம் மிளா. அது எதையோ கண்டு கத்துகிறது. மறுபடி ஒரு தடவை, கொஞ்சம் தள்ளி. பிறகு நீண்ட நேரம் அமைதி. அப்புறம் ஜன்னலுக்கு வெளியே, மிக அருகில், புல்லைப் பிடுங்குகிற சத்தம். சரக், சரக் என்று நிதானமாக. நடுவில் பெரிய மூச்சு. கண்ணாடி வழியாகப் பார்த்தால் இருட்டைவிடக் கறுப்பாக ஒரு மேடு நகர்ந்தது. கீழே நான்கு கால்களும் வெள்ளைக் காலுறை போட்டதுபோல் வெளிறித் தெரிந்தன. காட்டெருமை. மகள் என் கையைப் பிடித்திருந்தாள். பயப்படுகிறாளோ என்று குனிந்தேன். "அது சாப்பிடுதுப்பா" என்று காதில் சொன்னாள்.

தோப்பில் எத்தனையோ ராத்திரி இதே சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். கேட்டவுடன் என் கை தகரத்துக்குப் போகும். கையில் தகரம் இல்லாமல், விரட்டுகிற வேலையும் இல்லாமல், ஒரு பெரிய மிருகம் தின்கிற சத்தத்தை முழுவதுமாக நான் கேட்டது அன்றைக்குத்தான்.

எங்கள் சித்தப்பா மகன் ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கிறான். குரூகர் தேசியப் பூங்காவில் குடும்பத்தோடு இரண்டு தடவை தங்கியவன். 1926இல் தேசியப் பூங்காவான இடம், பரப்பு ஏறக்குறைய 19,500 சதுர கிலோமீட்டர். உள்ளே பல ஓய்வு முகாம்கள் இருக்கின்றன, ஸ்குகுசா என்பது அவற்றில் பெரியது. அங்கே சொந்தக் காரிலேயே சுற்றலாம், ஆனால் குறிப்பிட்ட இடங்களைத் தவிர எங்கும் காரை விட்டு இறங்கக் கூடாது. தார்ச்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. முகாமைச் சுற்றி வேலி. வாயில் அடைக்கும் நேரம் மாதத்துக்கு மாதம் மாறும், பிந்தி வந்தால் அபராதம். "அண்ணே, சாயங்காலம் சிங்கத்தைப் பாத்துட்டம்னு நின்னா கேட் மூடிரும்னு வயித்தைக் கலக்கும். பாதிச் சிங்கத்தோட திரும்பிருவோம்" என்றான். மாத்திரைப் பை கதையை அவனிடம் சொன்னபோது, அங்கேயும் குரங்குக்குப் பயந்து சாப்பாட்டுப் பொருளைப் பூட்டித்தான் வைப்போம் என்றான். கடல் தாண்டினாலும் விதிகள் இரண்டுதான் போலும்: இருட்டுமுன் வா, உன் சாப்பாட்டை உன்னோடு வைத்துக்கொள்.

இரண்டாம் நாள் கோழிகமுத்தி யானைகள் முகாமுக்குப் போனோம். கலீம் என்ற கும்கி 2023 மார்ச்சில் அறுபது வயதில் பணி ஓய்வு பெற்றது இங்கேதான். வனத்துறையினர் மரியாதை செய்து அனுப்பினார்கள். பயிரில் இறங்கும் யானைகளைத் திருப்பி அனுப்பவும் பிடிக்கவும் போன யானை அது. முகாமில் கேழ்வரகும் கொள்ளும் வேகவைத்து, வெல்லம் கலந்து, தலையளவு உருண்டையாகப் பிடித்து வாயில் வைக்கிறார்கள். அம்மா கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். 'இதுக்கும் வேளாவேளைக்குச் சோறு வேணும்ல' என்றாள், யாரிடமும் சொல்லாமல். எத்தனை மாமரம் அவள் கையால் நட்டு இவற்றின் வாயில் போயிருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

டாப்ஸ்லிப்பில் ஹியூகோ வுட் என்ற வெள்ளைக்கார வன அதிகாரியின் கல்லறை இருக்கிறது. 1933இல் இறந்தவர். வெட்டி வெட்டி மொட்டையான மலையில் மறுபடி தேக்கு வளர்த்தவர் என்று சொல்வார்கள். மேலேயிருந்து மரத்தை அடிவாரத்துக்குச் சரிய விட்டதால்தான் ஊருக்கே அந்தப் பெயர். கல்லறைக்கு அவசியம் போங்கள். அதோடு கரியன் சோலையையும் பாருங்கள். தேக்கு நிற்கிற வரிசையைப் பார்த்ததும் தோப்புக்காரனுக்குப் புரிந்துவிடும், இது கையால் நட்டது என்று. சோலைக்குள் வரிசையே இல்லை. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, தோளில் கால் வைத்து நிற்கின்றன மரங்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால்தான் காடு என்ற சொல்லுக்குள் எத்தனை வேறுபாடு என்று பிள்ளைகளுக்கு விளங்கும்.

திரும்பி வந்து இரண்டு பூப்பருவம் ஆகிவிட்டது. தோப்பில் மலையோரமாக எரிந்துகொண்டிருந்த பெரிய விளக்குகளில் இரண்டைக் கழற்றிவிட்டேன். உதிர்ந்த பழத்தைச் சாயங்காலமே பொறுக்கி அப்புறப்படுத்துகிறோம். யானை வராமல் இல்லை. வந்தால் வனத்துறைக்குச் சொல்கிறோம், நாங்கள் மோட்டார் அறையை விட்டு இறங்குவதில்லை. புளியமரத்தில் கூடு கட்டியிருக்கும் சாம்பல் அணிலை இப்போது மகள் நோட்டில் எழுதி வைக்கிறாள், எத்தனை மணிக்கு இறங்கியது, எதைத் தின்றது என்று.

அடுத்து முண்டந்துறை போக வேண்டும் என்கிறாள் அம்மா. 1988இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமான களக்காடு முண்டந்துறையில், பாபநாசத்துக்கு மேலே வனத்துறை விடுதி இருக்கிறது. எங்களுக்குப் பக்கம். ராஜபாளையம், புளியங்குடி, தென்காசி, கடையம் வழியாக மதியத்துக்குள் பாபநாசம் சேர்ந்துவிடலாம். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பெருங்கூட்டம் வரும், அந்த வாரத்தைத் தவிர்க்க வேண்டும். இந்த முறை மாத்திரையை இரண்டு பையில் வைத்திருக்கிறேன். மாம்பழம் முழுவதும் வீட்டிலேயே தின்றாயிற்று.