மளிகை நோட்டும் நாட்காட்டியும்: விலை ஏறும் காலத்தில் குடும்பச் செலவைக் குறைக்க ஏழு வழிகள்

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, பண்ணைப் பசுமைக் கடைகளிலும் ரேஷன் கடைகளிலும் கிலோ 60 ரூபாய்க்கு அரசே விற்றது. கால் கடுக்க நின்று ஒரு கிலோ வாங்கி வந்தவர்கள் ஏராளம். மூன்று மாதத்துக்கு முன், பங்குனி சித்திரையில், அதே தக்காளியைக் கூறு கட்டிக் கூவி விற்றுக்கொண்டிருந்தார்கள். அப்போது இரண்டு கிலோ கூடுதலாக வாங்கித் தொக்கு கிண்டி வைத்த வீடுகள் ஜூலையில் அவ்வளவு பதறவில்லை.

விலையை நம்மால் பிடித்து நிறுத்த முடியாது. எவ்வளவு, எப்போது, எங்கே வாங்குவது என்பது நம் கையில்தான் இருக்கிறது. கீழே உள்ளவற்றை வரிசைப்படி செய்யுங்கள். முதலாவதைச் செய்யாமல் மற்றவற்றுக்குப் போனால் பலன் பாதிதான்.

1. ஒரு மாதம் நோட்டுப் போடுங்கள்

மாதம் எவ்வளவு செலவாகிறது என்று கேட்டால் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். மாதம் எவ்வளவு துவரம்பருப்பு செலவாகிறது என்று கேட்டால் யோசிப்பார்கள். நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது கணக்கு.

புதுப் பாக்கெட்டைப் பிரிக்கும்போதெல்லாம் அதன் மேல் தேதியை எழுதுங்கள். தீர்ந்ததும் அந்தத் தேதியையும் சேர்த்து நோட்டில் ஏற்றுங்கள். எண்ணெய், சர்க்கரை, பருப்பு, உளுந்து, புளி, காபித்தூள் என்று பத்துப் பொருள் போதும். மாத முடிவில், வாங்கிக் கெட்டுப்போய்க் கொட்டியதைத் தனியாக எழுதுங்கள். வாடிய கீரை, முளைவிட்ட உருளைக்கிழங்கு, வண்டு விழுந்த ரவை எல்லாம் அதில் வரும். அதன் விலையைக் கூட்டிப் பார்த்தால், முதல் மிச்சம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

2. ரேஷன் கடையில் தொடங்குங்கள்

அரிசி அட்டை வைத்திருப்பவர்கள் மாத லிஸ்ட்டை எழுதும் முன், ரேஷனில் கிடைப்பதைக் கழித்துக்கொள்ள வேண்டும். அரிசி விலையில்லை. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். வெளியில் பருப்பு நூறைத் தாண்டி விற்கும்போது, அந்த ஒரு கிலோவை வாங்காமல் விடுவது கையில் இருக்கும் பணத்தை விடுவதுதான். வாங்காத பொருளுக்கும் பில் போட்டதாகக் குறுஞ்செய்தி வந்தால், அன்றே கடையில் கேளுங்கள்.

“ரேஷன் அரிசிச் சோறு பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை” என்பவர்கள் அதை மாவாக்கலாம். புழுங்கலரிசி இட்லிக்கு நன்றாகவே வரும். ஒரு கிலோ அரிசிக்குக் கால் கிலோ உளுந்து. உளுந்து கிலோ 140 ரூபாய் என்று வைத்தால், 35 ரூபாயில் இரண்டரை கிலோ மாவுக்குக் குறையாது. கடையில் ஒரு கிலோ மாவு பாக்கெட் என்ன விலை என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று: அரிசியை ஊற வைக்கும்போது சில மணிகள் மிதந்தால், அது பிளாஸ்டிக் அரிசி அல்ல. இரும்புச்சத்து முதலியவை சேர்த்துச் செய்த செறிவூட்டிய அரிசி. பொறுக்கி எறிய வேண்டாம்.

3. நாட்காட்டியைப் பார்த்து வாங்குங்கள்

நம் பாட்டிமார் வருஷச் சாமான் வாங்கிய வழக்கத்துக்குப் பின்னால் அறுவடைக் கணக்கு இருந்தது. அது இன்றும் பொருந்தும்.

அரிசி: சம்பா அறுவடை முடியும் தை, மாசியில் புது அரிசி வரும். புதிது குழையும் என்று பலர் ஒதுக்குவதால் பழைய அரிசிக்குத்தான் விலை அதிகம். ஒரு மூட்டை புதிது வாங்கி ஆறு மாதம் வைத்திருந்தால் அதுவே பழைய அரிசி.

துவரம்பருப்பு: தை முதல் பங்குனி வரை புது வரத்து. “இப்ப மூட்டை வேண்டாம்மா, தை கழியட்டும்” என்று எங்கள் தெரு அண்ணாச்சியே சொல்வார்.

உளுந்து, பாசிப்பயறு: டெல்டாவில் சம்பா அறுத்த வயலில் விதைப்பது பங்குனி, சித்திரையில் களத்துக்கு வரும்.

புளி, மிளகாய் வற்றல்: மாசி முதல் சித்திரைக்குள் வாங்கிவிடுங்கள். சித்திரை வெயிலில் மிளகாயையும் மல்லியையும் காயவைத்து மில்லில் அரைத்துக்கொண்டால், பாக்கெட் மசாலாவுக்குக் கொடுக்கும் காசு குறையும்.

முருங்கைக்காய்: கோடையில் மலிவு, மார்கழிக் குளிரில் ஒரு காயின் விலை கேட்டால் மலைப்பாக இருக்கும். அப்போது முருங்கைக்கீரைக்கு மாறுங்கள்.

மீன், முட்டை: கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. மீன் விலை ஏறும். அதற்கு முன்பே கருவாடு வாங்கி வையுங்கள். பலர் அசைவம் விடும் புரட்டாசியில் முட்டையும் கறியும் பெரும்பாலும் இறங்கும்.

கையில் மொத்தப் பணம் இல்லாதவர்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்க வேண்டியதில்லை. இந்த ஆண்டு புளியும் மிளகாயும் மட்டும் வாங்குங்கள். அடுத்த ஆண்டு பருப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கி மூட்டை வாங்கினால் மிச்சம் வட்டிக்குப் போய்விடும்.

4. காய்க்கு உழவர் சந்தை

1999-ல் மதுரை அண்ணா நகரில் தொடங்கிய உழவர் சந்தை இன்று தமிழ்நாடு முழுக்க இருக்கிறது. இடைத்தரகு இல்லாததால் சில்லறைக் கடையைவிட விலை குறைவு. அன்றைய விலையைப் பலகையில் எழுதியிருப்பார்கள். முதலில் பலகையைப் படியுங்கள், பிறகு பையை விரியுங்கள்.

நல்ல காய் வேண்டுமென்றால் விடிகாலையில் போங்கள். விலை குறைய வேண்டுமென்றால் சந்தை கலையும் நேரத்தில் போங்கள். திரும்பத் தூக்கிக்கொண்டு போக யாரும் விரும்புவதில்லை. அன்றே சமைக்கும் கீரைக்கும் தக்காளிக்கும் இந்த நேரம் பொருந்தும். ஒரு வாரம் வைத்துக்கொள்ளும் காய்க்குப் பொருந்தாது.

முகூர்த்த நாளுக்கு முந்தின இரண்டு நாளும் காய் வாங்குவதைத் தவிருங்கள். அக்கம்பக்கத்தில் நான்கு வீடு சேர்ந்து ஒரு பெட்டித் தக்காளியோ ஒரு மூட்டை வெங்காயமோ வாங்கிப் பிரித்துக்கொண்டால் மொத்த விலை எல்லோருக்கும் கிடைக்கும்.

5. பாக்கெட்டின் முதுகைப் படியுங்கள்

விலையை ஏற்றாமல் அளவைக் குறைப்பது கம்பெனிகளின் பழைய வழி. ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம் எடை இருக்கும். பக்கத்துப் பாக்கெட் பத்து ரூபாய் மலிவாக இருந்தால், அதில் 800 கிராம்தான் இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிக்கு என்ன விலை என்று பாக்கெட்டிலேயே அச்சிட வேண்டும் என்பது இப்போது விதி. அந்தச் சின்ன எழுத்தை மட்டும் ஒப்பிட்டால் போதும்.

‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்ற அட்டையைப் பார்த்தால், முதல் வழியில் எழுதிய நோட்டை நினையுங்கள். அந்தப் பொருள் அதில் இல்லையென்றால், அது உங்களுக்குச் செலவுதான்.

6. சமையலை விலைக்கேற்பத் திருப்புங்கள்

துவரம்பருப்பு ஏறினால் சாம்பாரில் பாதிக்குப் பாதி பாசிப்பருப்போ மைசூர் பருப்போ போடலாம். பரங்கிக்காய் சேர்த்தால் பருப்பு குறைந்தது தெரியாது. வாரத்தில் இரண்டு நாள் பருப்பே வேண்டாத வத்தக்குழம்பு, மோர்க்குழம்பு வையுங்கள். அன்றைக்குத் தட்டைப்பயறோ மொச்சையோ கொண்டைக்கடலையோ சுண்டலாக வந்துவிட்டால் புரதம் குறையாது. தக்காளி ஏறினால் ரசத்துக்குப் புளி இருக்கிறது. சின்ன வெங்காயம் ஏறினால் தாளிப்புக்கு மட்டும் நான்கு போட்டு, மற்றதற்குப் பெரிய வெங்காயம் எடுங்கள்.

காய் மலிந்த கோடையில் கத்தரி, வெண்டை, கொத்தவரையை வற்றல் போடுங்கள். ஐப்பசி மழையில் காய் விலை ஏறும்போது அந்த டப்பா கைகொடுக்கும்.

7. வாங்கியதைக் காப்பாற்றுங்கள்

பருப்பை வெயிலில் காயவைத்து ஆறியபின் டப்பாவில் அடையுங்கள். அரிசியில் வசம்போ வேப்பிலையோ போட்டால் வண்டு அண்டாது. புளியைக் கொட்டை நீக்கிக் கல்லுப்புப் போட்டு ஜாடியில் அமுக்கி வையுங்கள். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடாதீர்கள். இரண்டும் சீக்கிரம் கெடும். கொத்தமல்லியைக் கழுவாமல், வேரை நறுக்கிக் காகிதத்தில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். பீர்க்கங்காய்த் தோல் துவையலாகும், காலிஃபிளவர் தண்டு பொரியலாகும், தர்பூசணியின் வெள்ளைப் பகுதி கூட்டாகும்.

எதில் கை வைக்கக் கூடாது?

முட்டை, பயறு, பால், கீரை ஆகியவற்றில் வெட்டாதீர்கள். வளரும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது மிச்சமாகாது. பாலில் அளவைக் குறைப்பதற்குப் பதில் வகையைப் பாருங்கள். காபிக்கும் மோருக்கும் ஆவின் நீல பாக்கெட்டே போதும். ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு இரு மடங்கு, விலையும் கூட. மாத அட்டை போட்டு வாங்கினால் அச்சிட்ட விலையைவிடக் குறைவு. குறைக்க வேண்டியவை பிஸ்கட், நொறுக்குத்தீனி, குளிர்பானம், உடனடி நூடுல்ஸ். நோட்டில் இவற்றைத் தனிப் பக்கத்தில் எழுதிக் கூட்டினால், வீட்டில் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

ஏழு வழிகளையும் நாளைக்கே தொடங்க வேண்டியதில்லை. இப்போது அடுக்களைக்குப் போய், பிரித்து வைத்திருக்கும் எண்ணெய் பாக்கெட்டின் மேல் இன்றைய தேதியை எழுதிவிட்டு வாருங்கள்.