வணிகர் பாடம்: கோதுமை சேராத சமையலும் நம் கடைச் சரக்கும்



உளுந்தூர்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சி வழியே சேலம் செல்லும் சாலையில் உள்ளது எலவனாசூர்கோட்டை. அங்கே ஒரு மளிகைக் கடைக்கு ஒரு தாய் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "அண்ணே, பிள்ளைக்குக் கோதுமையே ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. கோதுமை கலக்காத சாமானாப் பார்த்துக் குடுங்க" என்கிறார். நாம் என்ன செய்வோம்? மைதா, ரவை, சேமியா மூன்றையும் ஒதுக்கிவிட்டு, "மற்றதெல்லாம் வாங்கலாம்மா" என்று சொல்லிவிடுவோம். அந்தப் பதில் போதாது என்பதை விளக்குவதே இம்மாதப் பாடம். அதற்கு உதாரணமாக ஒரு பண்டத்தைச் சமைத்துப் பார்ப்போம்.

நோய் என்ன?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் இருக்கிறது. பரோட்டா மாவை ரப்பர் போல் இழுபட வைப்பது இதுதான். சீலியாக் நோய் உள்ளவர்கள் இதை உண்டால் சிறுகுடலின் உட்சுவர் பழுதடைகிறது. சாப்பிட்ட சத்து உடம்பில் சேராது. குழந்தைகள் வயிற்றுப்போக்கால் வாடுவார்கள், வளர்ச்சி குன்றும். இதற்குக் கோதுமையே காரணம் என்பதை ஹாலந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் கரேல் டிக்கே 1950இல் தமது ஆய்வேட்டில் எடுத்துக் காட்டினார். ஆயுள் முழுவதும் குளூட்டனை அறவே விலக்குவதே இன்றைக்கும் இதற்குரிய சிகிச்சை.

பண்டமும் செய்முறையும்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள நம் உறவினர்கள் 'யோங் தௌ ஃபூ' என்னும் பண்டத்தை அறிவார்கள். ஹக்கா சீனர்கள் டோஃபு, பாகற்காய், கத்தரிக்காய், வெண்டைக்காய் ஆகியவற்றைக் கீறி உள்ளே பூரணம் வைத்துச் சமைப்பது அது. வடக்கேயிருந்து தெற்கே குடிபெயர்ந்த அம்மக்கள், கோதுமை மாவு கிடைக்காததால் கொழுக்கட்டைக்கு மேல்மாவாக டோஃபுவைக் கொண்டார்கள் என்று கதை சொல்வார்கள். நமக்கும் எண்ணெய்க் கத்தரிக்காய் தெரியும். ஆகவே இது அந்நியமான பண்டமல்ல.

நால்வருக்கு வேண்டியவை: சோயாப் பன்னீர் எனப்படும் டோஃபு 400 கிராம், சாமை அரிசி 100 கிராம், கத்தரிக்காய் 4, பாகற்காய் 2, வெண்டைக்காய் 6, வறுத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி, கேரட், வெங்காயம், இஞ்சி, பச்சை மிளகாய், மஞ்சள், மிளகு, உப்பு, எண்ணெய், கிழங்கு மாவு (மரவள்ளி மாவு) 2 தேக்கரண்டி.

டோஃபுவைத் துணியில் சுற்றி, மேலே கனம் வைத்துக் கால் மணி நேரம் நீரை வடிக்க வேண்டும். பிறகு முக்கோணமாக நறுக்கி, நடுவில் வாய் கீற வேண்டும். சாமையை இரு மடங்கு தண்ணீரில் வேகவைத்து ஆறவிடவும். பொடியாக நறுக்கிய காய்களை வதக்கி, ஒன்றிரண்டாகப் பொடித்த கடலை, சாமைச் சோறு, கிழங்கு மாவு சேர்த்துப் பிசைந்தால் பூரணம் தயார். இதை டோஃபுவிலும், கீறி விதை நீக்கிய காய்களிலும் அடைக்கவும். கத்தரியையும் பாகலையும் பத்து நிமிடம் ஆவியில் வைத்து, பின் எல்லாவற்றையும் சிறிது எண்ணெயில் மூடிபோட்டுச் சிவக்க விடவும். மேலே சிறிது புளிக்கரைசலும் மிளகும் சேர்த்து இறக்கலாம். சோயா ஒத்துக்கொள்ளாதவர்கள் டோஃபுவை விட்டுக் காய்களை மட்டும் செய்துகொள்ளலாம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சாமை கல்வராயன் மலையில் விளைவது. மரவள்ளி, சின்னசேலம், ஆத்தூர் பக்கத்தில் பழகிய பயிர். இரண்டிலும் இயற்கையாகவே குளூட்டன் இல்லை. விலை உயர்ந்த வெளிநாட்டு மாவுகளைத் தேடிப் போக வேண்டியதில்லை.

கோதுமை ஒளிந்திருக்கும் இடங்கள்

செய்முறையில் கோதுமை ஒரு துளியும் இல்லை. ஆயினும் கடை வழியாக அது உள்ளே வந்துவிடும்.

1. கூட்டுப் பெருங்காயம்: சுத்தப் பெருங்காயம் காரம் மிகுந்தது, அதை மாவும் பிசினும் கலந்தே விற்பனைக்கு விடுகிறார்கள். பல தயாரிப்புகளில் அந்த மாவு கோதுமை அல்லது மைதா; சிலவற்றில் அரிசி மாவு. நாமே ஒரு முறை, இப்படிப்பட்ட ஒரு வீட்டுக்கு யோசிக்காமல் பெருங்காய டப்பாவைக் கொடுத்துவிட்டோம். சில நாள் கழித்து அந்த அம்மையார் திரும்ப வந்து, டப்பாவின் பின்புறச் சிறிய எழுத்தைக் காட்டினார். வெட்கப்பட்டோம். அன்றிலிருந்து சீட்டைப் படித்த பிறகே எடுத்துக் கொடுக்கிறோம்.

2. சோயா சாஸ்: பெரும்பாலும் சோயாவுடன் கோதுமையும் சேர்த்து ஊறவைத்துத் தயாரிப்பது. அதனால்தான் மேலே புளி சொன்னோம்.

3. பார்லி அரிசி, மால்ட் பானப் பொடி: கோதுமை என்ற பெயர் இல்லாவிட்டாலும் பார்லியில் குளூட்டன் உண்டு.

4. கரண்டியும் மாவு மில்லும்: மைதா அள்ளிய கரண்டியாலேயே சாமையை அள்ளுவதும், கோதுமை அரைத்த திரிகையில் அடுத்து கம்பு அரைப்பதும் நம் அன்றாட வழக்கம்.

எவ்வளவு கலந்தால் தீங்கு?

நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட்ட உணவில், ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. மைதாவில் நூற்றுக்குப் பத்துப் பங்கு குளூட்டன் என்று கணக்கிட்டால், 200 மில்லிகிராம் மைதா, அதாவது ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்கு, ஒரு கிலோ சாமையில் விழுந்தாலே அந்த எல்லை வந்துவிடும். கரண்டியில் ஒட்டியிருக்கும் மாவே அதற்குப் போதும். கண்ணுக்குத் தெரியாத கலப்படம் என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

சாமை, தினை, வரகு ஆகியவற்றை மைதா, ரவை மூட்டைகளுக்கு எட்ட வையுங்கள். தனிக் கரண்டி போடுங்கள். முடிந்தவரை மூட்டை பிரித்தவுடன், மாவுச் சரக்கு கைப்படும் முன்பே பொட்டலமிடுங்கள். மொத்த வியாபாரியிடம் எந்த இடத்தில் சுத்தம் செய்து வந்தது என்று கேளுங்கள். 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, பாக்கெட் உணவில் குளூட்டன் உள்ள தானியமோ சோயாவோ இருந்தால் அதைச் சீட்டில் குறிப்பிட வேண்டும்; அந்த வரியை வாடிக்கையாளருக்குப் படித்துக் காட்டுங்கள். சில்லறையாக அளந்து கொடுக்கும் சரக்குக்கு 'குளூட்டன் இல்லை' என்று நாமாக உறுதி கூறக் கூடாது. டோஃபு குளிர்பெட்டிச் சரக்கு. மின்சாரம் அடிக்கடி நின்றால் கெடும். கேட்பவர் இருந்தால் மட்டும் வரவழையுங்கள்.

"தெரியவில்லை அம்மா, சீட்டைப் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்வதில் குறைவு ஒன்றும் இல்லை. அப்படிச் சொன்ன கடைக்கே அந்தத் தாய் மறுபடியும் வருவார்.

பயிற்சி வினாக்கள்

1. உங்கள் கடையில் உள்ள பெருங்காய டப்பாக்களில் எவற்றில் கோதுமை உள்ளது?
2. சாமைக்கும் மைதாவுக்கும் ஒரே கரண்டியா?
3. இன்று ஒரு தாய் கேட்டால், என்ன பதில் சொல்வீர்கள்?