மூளையில் இரத்தக்கசிவு: கத்தியும் மூலிகையும்

எண்ணூரை அடுத்த வட சென்னை அனல்மின் நிலையத்துக் கொதிகலன்களில் அழுத்தமானிகள் உண்டு. நீராவியின் அழுத்தம் எல்லை மீறினால் முள் காட்டிவிடும். நம் இரத்தக் குழாய்களிலும் அழுத்தம் உண்டு. ஆனால் அதைக் காட்டும் முள் உடம்பில் இல்லை. 140/90 என்னும் அளவைத் தாண்டியும் ஒரு வலியுமின்றி நடமாடுவோர் பலர்.

கசிவு எப்படி நேர்கிறது?

மூளையின் ஆழத்தில் மிக நுண்ணிய தமனிகள் செல்கின்றன. மிகை அழுத்தத்தால் அவற்றின் சுவர் ஆண்டுக்கணக்கில் நலிந்து, ஒருநாள் வெடிக்கிறது. மண்டை ஓடு விரிந்து கொடுக்காத பெட்டி அன்றோ? வெளிவந்த இரத்தம் கட்டியாகி மூளையை நெருக்குகிறது.

சிறு துளை அறுவை

தமிழ்நாட்டில் மூளை அறுவைத் துறையை 1949இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னையில் பி. ராமமூர்த்தியும் தொடங்கினர். அக்காலத்தில் மண்டை ஓட்டை அகலத் திறந்தே கட்டியை அகற்ற முடிந்தது. இன்று சிறிய திறப்பின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி இரத்தக்கட்டியை உறிஞ்சலாம். வழியிலுள்ள நல்ல மூளைக்குச் சேதம் குறைவு. அமெரிக்காவில் 300 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2024இல் வெளிவந்தது. மூளையின் மேற்பகுதிக் கசிவுக்கு இம்முறை பயன் தந்தது. ஆழ்பகுதிக் கசிவுக்குப் பயன் காணப்படவில்லை.

மூலிகை உதவுமா?

சீனாவில் 26 மருத்துவமனைகளில் 1,648 நோயாளிகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு மூலிகை மருந்து. மற்றதற்கு அதைப் போலவே தோன்றும் வெறும் திரவம். எவருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 2024இல் வந்த முடிவு: இரு பிரிவினரும் ஒரே அளவில்தான் தேறினர்.

அப்படியானால் மூலிகைகள் வீணா? இல்லை. நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேர் இரத்த அழுத்தத்தைத் தணிப்பதை, பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 50 நோயாளிகளிடம் கண்டு 1949இல் வெளியிட்டார். 1952இல் சுவிட்சர்லாந்தில் அதிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. மனச்சோர்வு போன்ற பக்க விளைவுகளால் பின்னர் அதன் பயன் குறைந்தது. அறுவையாயினும் மூலிகையாயினும் சோதனையே உரைகல்.

நேரமே உயிர்

முகம் கோணுதல், ஒரு பக்கக் கைகால் தளர்தல், பேச்சுக் குழறல், திடீர்க் கடுந்தலைவலி ஆகியவை அறிகுறிகள். குழாய் அடைத்தாலும் இதே அறிகுறிகள் தோன்றும். எது என்று ஸ்கேன் படமே காட்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்து, கசிவுள்ளவருக்குக் கேடாகும். ஆகவே கஷாயமோ தண்ணீரோ கூடப் புகட்டாதீர்கள். விழுங்க இயலாமல் மூச்சுக்குழாயில் இறங்கக்கூடும். உடனே 108ஐ அழையுங்கள். ராயபுரம், திருவொற்றியூர் மக்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை அருகிலேயே உள்ளது.

வருமுன் காப்பதே எளிது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடும் ஊறுகாயும் அந்தக் கணக்கில் சேரும்.

செய்து பாருங்கள்: உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கடைசியாக எப்போது இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டார்கள்? கேட்டு, அளவையும் நாளையும் குறித்து வையுங்கள்.