உதவிக்கு வந்த படை

நுழையும்முன்

போர் எந்த ஆண்டில் நடந்தது, யார் வென்றார் என்பவற்றை நினைவில் வைப்பது எளிது. அது ஏன் மூண்டது என்று அறிவதுதான் கடினம். வெளியே சொல்லப்படும் காரணம் ஒன்று. உள்ளே மறைந்திருக்கும் காரணம் மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்துக் காண வழிகாட்டியவர் ஒரு கிரேக்க வரலாற்றாசிரியர். அவர் காட்டிய வழியில் பாலக்காட்டுக் கோட்டையின் கதையை அறிவோம்.

கணவாயும் கோட்டையும்

மேற்குத் தொடர்ச்சி மலை, தமிழகத்திற்கும் கேரளத்திற்கும் இடையே நெடுமதில்போல் நிற்கிறது. இடுக்கி எல்லையில் அம்மதில் மிக உயர்ந்தது. 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி அங்குதான் உள்ளது. போடிமெட்டு, குமுளி வழியாகச் செல்வோர் வளைந்து வளைந்து ஏறியே மலையைக் கடக்க இயலும். பாலக்காட்டிலோ அம்மதிலில் பெருவாயில் ஒன்று திறந்திருக்கிறது. ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள அவ்வாயிலே பாலக்காட்டுக் கணவாய். வணிகரின் வண்டிகளும், வேலை தேடி வந்த குடும்பங்களும் நுழைந்த அதே வழியில் படைகளும் நுழைந்தன.

பாலக்காட்டு நகரின் நடுவே, கருங்கல் மதிலும் அகழியும் சூழ்ந்த கோட்டை ஒன்று உள்ளது. இந்தியத் தொல்லியல் துறை அதனைப் பாதுகாத்து வருகிறது. மக்கள் அதனைத் 'திப்பு கோட்டை' என்பர். ஆயினும் இன்றைய வடிவில் அதனை 1766ஆம் ஆண்டில் எழுப்பியவர் திப்புவின் தந்தை ஹைதர் அலி. மைசூர்ப் படைத்தலைவரின் கோட்டை பாலக்காட்டில் எழுந்தது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடை காண, முதலில் கிரேக்க நாட்டிற்குச் செல்ல வேண்டும்.

தூசிடிடீஸ்

கி.மு. 431இல் கிரேக்க நாட்டின் இருபெரும் அரசுகளான ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் போர் மூண்டது. இது பெலொப்பொனேசியப் போர் எனப்படும். கி.மு. 404 வரை, இடையிடையே ஓய்ந்தும் மூண்டும் நீடித்தது. இதன் வரலாற்றை எழுதியவர் தூசிடிடீஸ் என்னும் ஏதென்ஸ் நகரத்தார். போரின்போது ஏதென்ஸில் பரவிய கொள்ளைநோய்க்கு ஆளாகி உயிர் பிழைத்தவர் அவர். கி.மு. 424இல் படைத்தலைவராக இருந்தபோது ஆம்பிபொலிஸ் நகரைக் காக்கத் தவறினார். அதனால் இருபது ஆண்டுகள் நாடு கடந்து வாழ நேர்ந்தது.

அத்துன்பமே அவருக்கு ஒரு வாய்ப்பாயிற்று. இருதரப்பினரிடமும் கேட்டறிய முடிந்தது. ஒரே நிகழ்ச்சியை நேரில் கண்டவர்கள்கூட வெவ்வேறாகக் கூறுவதை உணர்ந்தார். கூற்றுகளை ஒப்பிட்டு ஆராய்ந்தே எழுதினார். கோடை, குளிர்காலம் என்று காலத்தைப் பகுத்து நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தினார். தெய்வச் செயல் என்று விளக்காமல், மனிதரின் அச்சம், ஆசை, பெருமித உணர்வு ஆகியவற்றிலேயே காரணம் தேடினார்.

போருக்கு உடனடிக் காரணமாகச் சில பூசல்கள் பேசப்பட்டன. அவற்றுள் ஒன்று கெர்க்கிரா தீவைப் பற்றியது. கொரிந்து நகரோடு பகை கொண்ட அத்தீவினர், கடற்படையில் வலிய ஏதென்ஸின் உதவியை நாடினர். ஏதென்ஸ் இசைந்தது. தூசிடிடீஸ் இப்பூசல்களை விரிவாக எழுதினார். ஆனால் அவற்றோடு நிற்கவில்லை. ஏதென்ஸின் வலிமை வளர்ந்ததும், அது கண்டு ஸ்பார்ட்டா கொண்ட பேரச்சமுமே மெய்யான காரணம் என்று காட்டினார்.

அச்சனும் ஹைதரும்

ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்குப் பின், பாலக்காட்டிலும் வலிய அரசு ஒன்றின் உதவி நாடப்பட்டது. பாலக்காட்டை ஆண்ட மன்னர் அச்சன் எனப்பட்டார். 1757ஆம் ஆண்டளவில் கோழிக்கோட்டுச் சாமூதிரியின் படை அவர் நாட்டை நெருக்கியது. தனித்து எதிர்க்க இயலாத அச்சன், அப்போது மைசூர் அரசின் சார்பில் திண்டுக்கல்லில் அதிகாரியாக இருந்த ஹைதர் அலியிடம் உதவி வேண்டினார். ஹைதரின் படை வந்தது. சாமூதிரியின் படை பின்வாங்கியது. போர்ச்செலவாகப் பன்னிரண்டு இலட்சம் ரூபாய் தருவதாகச் சாமூதிரி உடன்பட்டார், ஆனால் தரவில்லை.

ஆண்டுகள் கடந்தன. ஹைதர் மைசூரின் ஆட்சியையே கைப்பற்றினார். 1766இல் பெரும்படையுடன் மலபாருக்குள் புகுந்தார். கொடுபடாத அத்தொகை காரணமாகச் சொல்லப்பட்டது. சாமூதிரி தம் அரண்மனைக்குத் தாமே தீயிட்டு அதில் மாண்டார். மலபார் மைசூரின் கைக்கு வந்தது. கோவைக்கும் மலபாருக்கும் இடைப்பட்ட வழியைக் காக்கப் பாலக்காட்டுக் கோட்டை எழுந்தது.

தூசிடிடீஸின் வழியில் இங்கும் வினவலாம். பன்னிரண்டு இலட்சம் ரூபாய் உடனடிக் காரணம். மெய்யான காரணம் எது? மைசூர் வளர்ந்துகொண்டிருந்த அரசு. மலபாரிலோ மிளகு விளைந்தது, துறைமுகங்கள் இருந்தன, ஒருவரோடொருவர் பொருத சிற்றரசுகள் பல இருந்தன. கடன் தீர்ந்திருந்தாலும் படை வாராதிருந்திருக்குமா என்பது எண்ணிப் பார்க்க வேண்டியது.

கைமாறிய கோட்டை

கணவாயைக் காத்த கோட்டையைக் கொள்ள ஆங்கிலேயரும் விரும்பினர். 1768இல் அவர்கள் அதனைக் கைப்பற்றினர். சில மாதங்களில் ஹைதர் மீட்டார். 1783இல் கர்னல் புல்லர்ட்டன் முற்றுகையிட்டுப் பிடித்தார். பின்னர் அதுவும் கைவிடப்பட்டது. 1790இல் மீண்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் மலபார் முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சென்றது. காலப்போக்கில் பாலக்காட்டு அரச குடும்பத்தினர் ஆட்சியுரிமை இழந்து, கம்பெனி அளித்த தொகையில் வாழ்வோராயினர். ஒரு பகைவனைத் தடுக்க அழைத்த துணை, நாட்டையே தன் கையில் கொண்டது. அத்துணையையும் வேறொரு வலிமை வென்றது.

வலிமைக்கு எல்லை உண்டு

வலிமையுடையோரின் கதையும் வெற்றியோடு முடிவதில்லை என்பதைத் தூசிடிடீஸ் காட்டுகிறார். கி.மு. 416இல் மேலோஸ் என்னும் சிறுதீவைப் பணியுமாறு ஏதென்ஸ் மிரட்டியது. தீவினர் நீதியைப் பேசினர். ஏதென்ஸார் படைவலியைப் பேசினர். தீவு வீழ்ந்தது. ஆடவர் கொல்லப்பட்டனர், பெண்டிரும் குழந்தைகளும் அடிமைகளாக்கப்பட்டனர். இதனைச் சொல்லி முடித்ததும், ஏதென்ஸ் சிசிலித் தீவின்மீது படையெடுத்த செய்தியைத் தூசிடிடீஸ் தொடங்குகிறார். கி.மு. 413இல் அப்படை முற்றிலும் அழிந்தது. அறிவுரை ஏதும் கூறாமல், நிகழ்ச்சிகளை அடுத்தடுத்து வைத்தே சிந்திக்கத் தூண்டுகிறார் ஆசிரியர்.

தமிழ் மரபும் இதனை எண்ணியுள்ளது. திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. தன் வலிமையோடு துணைவரின் வலிமையையும் எடைபோட வேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. அச்சனின் நிலையோ கடினமானது. அழைத்தால் ஹைதர், அழைக்காவிட்டால் சாமூதிரி. அவரைக் குறைகூறுவதைவிட, அவர்முன் இருந்த வழிகளை அறிவதே வரலாறு கற்போரின் கடமை.

சொல்லும் பொருளும்

கணவாய் – மலைகளுக்கு இடைப்பட்ட வழி
அகழி – கோட்டையைச் சூழ்ந்த நீர்நிலை
பூசல் – சண்டை
பொருத – போரிட்ட
இசைந்தது – உடன்பட்டது

பயிற்சி

அ. எடுத்துக்காட்டைப் போலப் பிரித்து எழுதுக.
(எ.கா.) நெடுமதில் = நெடுமை + மதில்
1. கருங்கல்
2. சிறுதீவு
3. பேரச்சம்

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. தூசிடிடீஸ் இருதரப்பினரிடமும் செய்தி அறிய முடிந்தது எவ்வாறு?
2. ஹைதர் அலி பாலக்காட்டில் கோட்டை எழுப்பியது ஏன்?

இ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. உடனடிக் காரணம், மெய்யான காரணம் ஆகியவற்றைப் பாடத்தின் இரு நிகழ்ச்சிகளைக் கொண்டு விளக்குக.
2. அச்சனின் அவையில் நீ அமைச்சராக இருந்திருந்தால் என்ன அறிவுரை கூறியிருப்பாய்? காரணத்துடன் எழுதுக.

ஈ. கேட்டு எழுதுக.
உன் குடும்பம் எந்த வழியாக, ஏன் இவ்வூருக்கு வந்தது என்று வீட்டுப் பெரியவர் இருவரிடம் தனித்தனியே கேள். இருவர் கூற்றிலும் ஒத்தவை எவை, வேறுபட்டவை எவை என்று இரு பட்டியலாக எழுது.