தேமலும் நம் தோலில் குடியிருக்கும் நுண்ணுயிர்களும்



தோல் நோய்ப் பிரிவின் வாசலில் காத்திருப்போரோடு உட்கார்ந்து பேசுவது எங்கள் அன்றாட ஊழியங்களில் ஒன்று. அங்கே நாங்கள் அதிகமாகக் கேட்கிற கேள்வி, "ஐயா, இது தொத்துமா?" என்பதே. கழுத்திலும் முதுகிலும் வெளுத்த திட்டுகளுள்ள வாலிபப் பிள்ளைகளை அழைத்து வரும் தாய்மார் இதைத் தாழ்ந்த குரலில்தான் கேட்பார்கள். அதற்குள் வீட்டில் தட்டும் டம்ளரும் சோப்பும் தனியாக வைக்கப்பட்டிருக்கும். பெண் பிள்ளையானால் கலியாணப் பேச்சும் நின்றுபோயிருக்கும். தொழுநோயைப் பற்றிய பயமே இதற்கெல்லாம் காரணம். ஆகவே இந்த இதழில் தேமல் எப்படி உண்டாகிறது என்பதைச் சற்று விவரமாகப் படிப்போம்.

நம் சரீரத்தின் தோல் வெறுமையான இடமல்ல. பிறந்த நாள் முதலே பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் அதில் குடியேறிவிடுகின்றன. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அவை முற்றிலும் போவதில்லை, போகவும் வேண்டியதில்லை. ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்ற பாக்டீரியா ஏறக்குறைய எல்லாருடைய தோலிலும் உண்டு. அதில் சில வகைகள், புண்ணைச் சீழ்பிடிக்க வைக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸை அடக்கும் பொருள்களைச் சுரக்கின்றன. கரப்பான் வந்த குழந்தையின் தோலிலோ இந்த ஆரியஸின் கை ஓங்கியிருக்கும். பருக்களோடு சம்பந்தப்பட்ட பாக்டீரியாவும் அப்படியே. பரு இல்லாத முகத்திலும் அது வாழ்கிறது.

தேமலுக்குக் காரணமான மலசேசியாவும் இப்படி நம்மோடு குடியிருக்கிற ஒன்றுதான். இது ஈஸ்ட் வகையைச் சேர்ந்த பூஞ்சை. தேமல் பூஞ்சையால் வருகிறது என்பதை எய்க்ஸ்டெட் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1846-லேயே கண்டார். 1874-ல் பிரெஞ்சு விஞ்ஞானி மலசே பொடுகில் இந்த உயிரைப் பார்த்து விவரித்தார். 1889-ல் அவர் பெயரையே இதற்கு இட்டார்கள். பொடுகிலும் தேமலிலும் இருப்பது ஒரே குடும்பத்துப் பூஞ்சை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

இந்தப் பூஞ்சைக்குக் கொழுப்புதான் ஆகாரம். தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்களைத் தானே உண்டாக்கிக்கொள்ள அதற்குத் திறனில்லை. நம் தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசையை நம்பியே பிழைக்கிறது. அதனால்தான் அந்தச் சுரப்பிகள் விழித்தெழும் பருவ வயதுக்குப் பிறகு, எண்ணெய்ப் பசை மிகுந்த மார்பு, முதுகு, தோள், கழுத்துப் பகுதிகளில் தேமல் அதிகம் காணப்படுகிறது. பரிசோதனைச் சாலையில் இதை வளர்க்க ஆலிவ் எண்ணெய் ஊற்றுவார்கள். நம் ஜனங்களோ தேமல் மறைய வேண்டுமென்று அதன்மேலேயே எண்ணெய் பூசுகிறார்கள்! வேண்டாம் என்று சொன்னால் பாட்டிமாருக்கு வருத்தம்தான், ஆனாலும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

வெயிலும் புழுக்கமும் வியர்வையும் சேரும்போது, அமைதியாக இருந்த ஈஸ்ட் இழைகளாக நீண்டு தோலின் மேலடுக்கில் படர்கிறது. திட்டை லேசாகச் சுரண்டினால் தவிடுபோல் செதில் உதிரும். அதைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், சிறு இழைகளும் உருண்டைகளும் கலந்து தெரியும். நம் சமையலறைப் பாஷையில் சொன்னால், சேமியா பாயசத்தில் ஜவ்வரிசி கிடப்பதுபோல.

இது அசிலாயிக் அமிலம் என்ற பொருளையும் உண்டாக்குகிறது. தோலுக்கு நிறம் தரும் வேலையை அது தடுப்பதால் அந்த இடம் வெளுக்கிறது. சிலருக்குத் திட்டு பழுப்பாகவும் வரலாம். தேமல் வந்தவர் அசுத்தமானவரல்ல. அவரிடமிருந்து அது மற்றவருக்குத் தொற்றுவதுமில்லை. தொடுகிறவருடைய தோலிலும் அதே பூஞ்சை ஏற்கெனவே இருக்கிறதே!

சிகிச்சை எளிது. 2.5 சதவீத செலினியம் சல்ஃபைடு மருந்தை ஈரத் தோலில் பூசி, 10 நிமிடம் கழித்துக் கழுவ வேண்டும். 7 நாள் இப்படிச் செய்வது வழக்கம். கீட்டோகொனசோல் ஷாம்பூவும் உண்டு. ஆனால் பூஞ்சை மடிந்த பின்னும் நிறம் திரும்பச் சில மாதங்கள் ஆகும். இங்கேதான் பலர் பொறுமை இழந்து, "மருந்து கேட்கவில்லை" என்று கடை கடையாக ஏறுகிறார்கள். அங்கே கொடுக்கப்படுகிற களிம்பில் பெரும்பாலும் குளோபீட்டசால் போன்ற ஸ்டீராய்டு கலந்திருக்கும். பூசினால் அரிப்பு அடங்கும், ஆனால் தோலின் எதிர்ப்புச் சக்தியும் சேர்ந்து அடங்குவதால் பூஞ்சை பரவும். நாளடைவில் தோல் மெலிந்து வரி வரியாகப் பிளக்கும். படர்தாமரைக்கு இதைப் பூசியவர்கள் படுகிற பாடு இன்னும் மோசம். 2018-ல் மத்திய அரசு இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாதென்று விதித்தது. அப்படியும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன.

சிறு பிள்ளைகளின் கன்னத்தில் வரும் மங்கலான திட்டு வேறு. வயிற்றில் பூச்சி இருப்பதால் என்பார்கள். அது பெரும்பாலும் தோல் வறட்சியோடு வரும் லேசான கரப்பான்தான். பூச்சி மருந்தால் போகாது.

லேவியராகமம் 13-ம் அதிகாரத்தை வாசிப்பவர்கள் அதன் கடுமையையே நினைவில் வைத்திருக்கிறார்கள். மங்கிய வெண்திட்டு மட்டும் உள்ளவனைச் சுத்தமுள்ளவன் என்று ஆசாரியன் அனுப்பிவிட வேண்டும் என 38, 39-ம் வசனங்களில் இருப்பதைக் கவனிப்பதில்லை. எல்லாத் திட்டும் ஒன்றல்ல என்று அன்றே பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

பிரித்துப் பார்க்க இன்று நமக்கிருக்கும் முக்கியமான அடையாளம் உணர்ச்சி. தேமலில் தொடுவுணர்ச்சி குறையாது. தொழுநோய்த் திட்டிலோ, கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் தொட்டால் தெரியாமல் போகலாம். எல்லாத் திட்டிலும் ஆரம்பத்திலேயே உணர்ச்சி போய்விடும் என்பதில்லை, முகத்தில் இது தெளிவாகத் தெரியாமலும் போகலாம். ஆகவே சந்தேகமானால் மருத்துவரே பார்க்க வேண்டும். கையோ காலோ மரத்துப் போனாலும் தாமதம் கூடாது.

தொழுநோய்க்குக் காரணமான கிருமியை 1873-ல் நார்வே நாட்டு ஹான்சன் கண்டார். அது தோலில் குடியிருக்கும் நுண்ணுயிர்களைச் சேர்ந்ததல்ல, வெளியிலிருந்து வருவது. தொற்றினாலும் பெரும்பாலோருக்கு அதை வெல்லும் எதிர்ப்புச் சக்தி இயல்பாகவே உண்டு. நோய் வந்தவர்களுக்குக் கூட்டு மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. நோயின் வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட வேண்டும். சாப்பிடத் தொடங்கிய சில நாட்களிலேயே அவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவது நின்றுவிடுகிறது. அவருக்கும் தனித் தட்டு வேண்டியதில்லை.