ராப்புக்குப் பாலிஷ் போடலாமா?

கேள்வி: கறுப்பு கிளாஸ் வினைல் ராப் ஒட்டிய காரில், வெயில் பட்டால் வட்ட வட்டமாகக் கீறல் தெரிகிறது. பாலிஷ் போட்டால் போகுமா?

பதில்: பெயிண்டின் மேல் கிளியர் கோட் உண்டு; அதைத் துளி தேய்த்தெடுத்தால் கீறல் மறையும். ராப் வெறும் பிவிசி படலம். தேய்க்க அதில் உபரி ஏது? மெஷின் சூட்டில் ஓரமும் தூக்கிக்கொள்ளலாம்.

மேட் ராப் என்றால் பேச்சே வேண்டாம். தேய்த்த இடம் திட்டுத்திட்டாகப் பளபளக்கும்.

கிளாஸ் ராப்பின் மெல்லிய கீறல், ஹீட் கன்னைத் தள்ளிப் பிடித்து இதமாகச் சூடு காட்டினால் ஓரளவு மங்கும். ஆனால் சூட்டில் தானாக ஆறுவது, பெயிண்டைக் காக்க ஒட்டும் பாலியூரித்தேன் படலமான பிபிஎஃப்பின் குணம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கிளாஸ் ராப் எளிதில் கீறும்; 3எம் நிறுவனத்தின் 2080 கிளாஸ் ராப்பை, ஒட்டும்போது கீறாதிருக்க மேலே ஒரு காப்புப் படலத்தோடுதான் விற்கிறார்கள். தயாரித்தவர்களுக்கே அவ்வளவு பயம்!

பிரஷ் சுழலும் கார் வாஷுக்கு விடாதீர்கள். ஷாம்பு தண்ணீர், சுத்தமான மைக்ரோஃபைபர் துணி போதும்.